தொங்கும் அறுபத்தைந்து கிலோ

வீடு மாறியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பீரோவை மாடிக்கு ஏற்றும்போது மூச்சு முட்டும். ஆனால் வயிற்றில் புளியைக் கரைப்பது அதே பீரோவை இறக்கும்போதுதான். "மெல்ல, மெல்ல, விட்டுடாதே" என்ற குரல் படிக்கட்டில் ஓங்கி ஒலிப்பதும் அப்போதுதான். யோசித்தால் இது விசித்திரம். ஏற்றும்போது பூமியின் இழுப்பை எதிர்த்து உழைக்கிறோம். இறக்கும்போது அந்த இழுப்பு நம் பக்கம் இருக்கிறது. பொருள் எங்கே போகத் துடிக்கிறதோ அங்கேதான் நாமும் அதைக் கொண்டுபோகிறோம். அப்படியிருக்க, இறக்குவது ஏன் ஏற்றுவதைவிட ஆபத்தான வேலையாக இருக்கிறது?

இந்தக் கேள்வியை ஒரு ரோபோவை வைத்து ஆராயலாம். அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் கட்டிய ரோபோ அது. இரும்புக் குழாயைப் பற்றிக்கொண்டு, தரையிலிருந்து ஓர் ஆளின் மார்பு உயரத்தில், மின்சாரம் துண்டிக்கப்பட்டுத் தொங்குகிறது. அதைத் தரைக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள்.

## இரண்டரை நிமிட ஆட்டம்

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக அது நடத்தும் ரோபோப் போட்டி 1992 முதல் நடந்துவருகிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு புதிய விளையாட்டை அறிவிப்பார்கள். சில வாரங்களுக்குள் அணிகள் அதற்கேற்ற ரோபோவை வரைந்து, வெட்டி, இணைத்து, களத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று அணிகள் ஒரு பக்கம், மூன்று அணிகள் மறுபக்கம். முதல் சில வினாடிகள் ரோபோ தானாக இயங்கும். மீதியில் மாணவர்கள் இயக்குவார்கள்.

பந்து எறிவது, பெட்டி அடுக்குவது என்று விளையாட்டு ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் ஒரு காட்சி மட்டும் திரும்பத் திரும்ப வரும்: கடைசி வினாடிகளில் ரோபோ எதையாவது பிடித்து ஏற வேண்டும். 2013-இல் அது பிரமிடு, 2017-இல் கயிறு, 2018-இல் ஏழடி உயரத்தில் ஒரு குழாய், 2024-இல் தொங்கும் சங்கிலி.

2022-ஆம் ஆண்டின் 'ரேபிட் ரியாக்ட்' விளையாட்டை நம் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். களத்தின் ஒரு மூலையில் நான்கு கிடைக்குழாய்கள் படிப்படியாக உயர்ந்து நிற்கும். முதல் குழாய் ஏறக்குறைய 124 சென்டிமீட்டர் உயரம். கடைசிக் குழாய் 231 சென்டிமீட்டர். முதல் குழாயில் தொங்கினால் 4 புள்ளிகள். கடைசிக் குழாய்வரை போனால் 15. குரங்கு கிளைக்குக் கிளை தாவுவதுபோல் ஒரு கையை விட்டு மறு கையால் பற்றி மேலேறிய ரோபோக்களைப் பார்த்து அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஆட்ட நேரம் முடிந்து, அதிகபட்சம் 5 வினாடிகள் கழித்து ரோபோ எங்கே தொங்குகிறது என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள்.

அந்த ஐந்து வினாடிகளோடு ஏறும் கதை முடிகிறது. நம் கதை அங்கே தொடங்குகிறது.

## ஆறாவது வினாடி

கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் களத்தின் கணினி எல்லா ரோபோக்களையும் முடக்கிவிடும். எந்த மோட்டாரும் இனிக் கட்டளைக்கு அசையாது. "ஒரு நிமிடம் மறுபடி இயக்குங்கள், நாங்களே இறக்கிக்கொள்கிறோம்" என்று கேட்க வழியில்லை. விதி மிகத் தெளிவாக இருக்கிறது: முடக்கப்பட்டு, மின்சாரமும் நிறுத்தப்பட்ட நிலையில் ரோபோவைக் களத்திலிருந்து அகற்ற முடியும்படி அது கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆட்டம் முடிந்தபின் ரோபோ மீண்டும் இயக்கப்படாது என்பதால் அதை விரைவாக, எளிதாக, பாதுகாப்பாக அகற்றுவதற்கு அணிகளே வழி செய்துகொள்ள வேண்டும்.

களத்தின் விளக்குகள் பச்சையாக மாறினால்தான் மாணவர்கள் உள்ளே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த நான்கைந்து பேர் உள்ளே வருகிறார்கள். அடுத்த ஆட்டத்துக்கான அணிகள் வெளியே வரிசையில் நிற்கின்றன. அவசரம் காற்றில் தெரியும். தொங்கும் ரோபோவின் எடை என்ன? அந்த ஆண்டு விதிப்படி ரோபோவின் உச்ச எடை 125 பவுண்டு, அதாவது சுமார் 57 கிலோ. இதில் பேட்டரியும், இடி தாங்கச் சுற்றிலும் கட்டும் மெத்தைப் பட்டைகளும் சேராது. கார் பேட்டரியின் தம்பி போன்ற ஈய பேட்டரி ஐந்தரை கிலோவுக்கு மேல் இருக்கும். பட்டைகள் இன்னும் சில கிலோ. எல்லாம் சேர்த்து 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ரோபோவின் அடிப்பகுதி தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் கொள்வோம்.

## ஆற்றல் சிறிது, நேரம் அதைவிடச் சிறிது

ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்த 9.8 ஜூல் ஆற்றல் வேண்டும். 65 கிலோவை 1.2 மீட்டர் உயர்த்தினால் சுமார் 764 ஜூல். ஏறும்போது பேட்டரி கொடுத்த ஆற்றலில் இவ்வளவு, உயரமாக மாறி ரோபோவில் சேமிப்பாக இருக்கிறது. இதை நிலையாற்றல் என்பார்கள்.

764 ஜூல் பெரிதா, சிறிதா? ரோபோவின் 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி பேட்டரியில் பெயரளவில் ஏழே முக்கால் லட்சம் ஜூல் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் உயரத்தில் சேமித்தது ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதை முழுவதும் வெப்பமாக்கி ஒரு கிலோ அலுமினியத்துக்குள் செலுத்தினால், அலுமினியத்தின் சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. தொட்டுப் பார்த்தால் தெரியவே தெரியாது.

ஆனால் கொக்கி நழுவி ரோபோ விழுந்தால் 1.2 மீட்டரைக் கடக்க அரை வினாடி போதும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 17 கிலோமீட்டருக்கு மேல். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை அசையத் தொடங்குவதற்குள்ளேயே கால் வினாடி போய்விடும். மீதிக் கால் வினாடியில் ஒரு மாணவி தன் காலை இழுத்துக்கொள்ள வேண்டும்.

அதே ரோபோ 10 வினாடிகள் எடுத்துக்கொண்டு இறங்கினால்? வெளியேற வேண்டிய ஆற்றல் அதே 764 ஜூல்தான். வினாடிக்கு 76 ஜூல் வீதம் வெளியேறும். பழைய 75 வாட் குண்டு பல்பு ஒன்று எரியும் வேகம் அது.

பீரோ புதிருக்கு விடை இங்கே இருக்கிறது. ஏற்றும்போது ஆற்றலை உள்ளே செலுத்துவது நாம். நாம் நின்றால் அதுவும் நிற்கும். வேகம் நம் கையில் இருக்கிறது. இறக்கும்போது ஆற்றல் வெளியே வரக் காத்திருக்கிறது. எங்கே போவது, எவ்வளவு நேரத்தில் போவது என்ற இரண்டையும் நாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்காவிட்டால், அது தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். அந்த வழி பெரும்பாலும் யாருடைய எலும்பு வழியாகவாவது போகும்.

## பிடித்து வைப்பவை

மின்சாரம் போனபின்னும் ரோபோ எப்படித் தொங்குகிறது? இதற்கு அணிகள் கையாளும் வழிகள் சில உண்டு. இறக்கும்போது ஒவ்வொன்றும் வேறுவிதமாக நடந்துகொள்ளும்.

முதலாவது ராட்செட். ஒரு திசையில் மட்டும் சுழல விடும் பற்சக்கரம் அது. பல்லுக்குள் விழும் சிறிய தடுப்பு நாக்கு, எதிர்த்திசைச் சுழற்சியை நிறுத்திவிடும். கயிற்றைச் சுருட்டி ஏறும் ரோபோவில் இது அருமையாக வேலை செய்யும். ஏறுவது ஏறியபடியே நிற்கும். ஆனால் இறக்க வேண்டுமானால் அந்த நாக்கை விலக்க வேண்டும். 65 கிலோவும் அந்த நாக்கின் மேல்தான் அழுந்திக்கொண்டிருக்கிறது. சாதாரணமாக இழுத்தால் வராது. பலங்கொண்டு இழுத்தால் திடீரென்று வந்துவிடும். வந்ததும் தடுக்க ஒன்றுமில்லை. சரியான முறை, முதலில் சக்கரத்தை ஏறும் திசையில் ஒரு நூல் அளவு திருப்பி நாக்கின் சுமையை நீக்குவது. பிறகு நாக்கை விலக்குவது. பிறகு பிடித்துக்கொண்டே விடுவது. இந்த மூன்றுக்கும் தனித்தனியாகக் கைப்பிடி வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாலே அந்த அணி இறக்குவதைப் பற்றி யோசித்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது வார்ம் கியர். திருகாணி போன்ற தண்டு ஒன்று பற்சக்கரத்தைத் திருப்பும். பற்சக்கரத்தால் தண்டைத் திருப்ப முடியாது. திருகின் சரிவு அவ்வளவு குறைவு என்பதால் உராய்வே பூட்டாகிவிடுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. பின்னோக்கிச் சுழலாத வார்ம் கியர், முன்னோக்கிச் சுழலும்போதும் கொடுத்த ஆற்றலில் பாதிக்கு மேல் உராய்வில் இழக்கும். உராய்வு அவ்வளவு வலுவாக இருந்தால்தான் அது பூட்டாக முடியும். ஏற்றத்தில் வீணாவதாகத் தோன்றும் அந்த உராய்வு, இறக்கத்தில் காவலாகிறது. தண்டைக் கையாலோ டிரில்லாலோ திருப்பினால் திருப்பிய அளவுக்கு மட்டும் இறங்கும், நிறுத்தினால் நிற்கும். ஏறும் வேகம் குறைகிறது என்று மாணவர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். இன்னும் மரியாதைக்குரிய பொருள் இது என்பது என் கட்சி.

மூன்றாவது காற்றழுத்தச் சிலிண்டர். இதில் வால்வைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு மின்சுருளால் இயங்கும் வால்வு, மின்சாரம் போனதும் ஸ்பிரிங் தள்ளி ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். இரட்டைச் சுருள் வால்வு கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். முதல் வகையைக் கொக்கியில் பொருத்தினால், ஆட்டம் முடிந்த கணத்திலேயே கொக்கி திறந்துகொள்ளக்கூடும். தொட்டியில் சேமித்த காற்றைப் பழக்கத்தில் யாராவது திறந்துவிட்டாலும் இதே கதைதான்.

## பிடிக்கத் தெரியாத மோட்டார்

நான்காவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. மோட்டாரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், அதை வெளியிலிருந்து சுழற்றுவது கடினமாகிவிடும். சுழலும் மோட்டார் ஒரு ஜெனரேட்டர். அது உண்டாக்கும் மின்னோட்டம் தன் சுருளுக்குள்ளேயே சுற்றி, சுழற்சியை எதிர்க்கிறது. பழைய மோட்டார் ஒன்று வீட்டில் கிடந்தால் செய்து பார்க்கலாம். விரலுக்கே வித்தியாசம் தெரியும். ரோபோக்களின் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. 'பிரேக் மோட்' என்பார்கள்.

இந்தத் தடையின் குணம் விநோதமானது. வேகமாகச் சுழன்றால் வலுவாக எதிர்க்கும். மெதுவாகச் சுழன்றால் மெல்ல எதிர்க்கும். நின்றுவிட்டால் எதிர்ப்பே இல்லை. ஆகவே தொங்கும் ரோபோவை இதனால் முழுமையாக நிறுத்தி வைக்க முடியாது. கியர்களின் உராய்வு கைகொடுக்காவிட்டால் ரோபோ மெல்ல மெல்ல வழுக்கிக் கீழே வரும். ஐந்து வினாடிகள் தாக்குப்பிடிக்க வேண்டிய அணிக்கு இது குறை. ஆனால் இறக்கும் கண்ணோடு பாருங்கள். வேகம் கூடினால் தடை கூடும். தடை எடைக்குச் சமமாகும் புள்ளியில் வேகம் கூடுவது நின்றுவிடும். அதன்பின் ஒரே சீரான வேகத்தில் இறங்கும். 764 ஜூலும் மோட்டார்ச் சுருளில் வெப்பமாகக் கரையும். பாதுகாப்பாக இறங்க இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது.

ஆனால் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளில், உள்ளே மின்சாரம் இருக்கும்வரைதான் அந்த இணைப்பு நிலைக்கும். களத்துக்குள் வரும் மாணவர் பழக்கத்தில் முதலில் செய்வது 120 ஆம்பியர் முதன்மைப் பிரேக்கரின் சிவப்புப் பொத்தானை அழுத்துவது. அதைத்தான் பாதுகாப்பு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அழுத்தினார் என்றால் தடை மறைந்து ரோபோ கீழே வரலாம். பாதுகாப்புக்கான செயலே ஆபத்தைத் திறந்துவிடும் இடம் இது. அதனால்தான் 'மின்சாரம் நிறுத்தப்பட்ட நிலையில்' என்ற சொல் விதியில் அவ்வளவு முக்கியமாகிறது. பிரேக் மோடை மட்டும் நம்பியிருக்கும் ரோபோவுக்கு இரண்டாவதாக ஓர் இயந்திரத் தடையும் வேண்டும்.

## எத்தனை பேர் வேண்டும்?

பெரும்பாலான அணிகள் செய்வது எளிது: நான்கு பேர் சுற்றி நின்று, "ஒன், டூ, த்ரீ" சொல்லி, ரோபோவைச் சில சென்டிமீட்டர் தூக்கி, கொக்கியைக் குழாயிலிருந்து விடுவித்து, கீழே இறக்குவது. 65-ஐ நான்கால் வகுத்தால் ஆளுக்குப் பதினாறு கிலோ. பிரமாதமில்லை என்று தோன்றும்.

அமெரிக்க அரசின் தொழில்வழிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், கையால் தூக்கும் வேலைக்கு ஒரு கணக்கு முறை வைத்திருக்கிறது. எல்லாமே சாதகமாக இருந்தால், அதாவது பொருள் உடலை ஒட்டி, இடுப்புக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், நேராக நின்று தூக்கும்படி இருந்தால் ஒருவருக்கு 23 கிலோ. சாதகம் குறையக் குறைய இந்த எண்ணும் குறையும். பொருள் உடலிலிருந்து 25 சென்டிமீட்டரில் இருந்தால் குறைப்பு இல்லை. 50 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் பாதியாகிவிடும். நீட்டிய கைக்கு எடை கூடுவதில்லை, ஆனால் முதுகெலும்பின்மேல் அது செலுத்தும் திருப்புவிசை இருமடங்காகிறது.

நம் ரோபோவைப் பாருங்கள். பிடிக்கும் இடம் 120 சென்டிமீட்டர் உயரத்தில். இந்த உயரத்துக்காக 13 சதவீதத்துக்கு மேல் கழிகிறது. பட்டைகள் துருத்திக்கொண்டிருப்பதால் உடலை ஒட்டி நிற்க முடியாது. 50 சென்டிமீட்டர் என்று வைத்தால் பாதி போகிறது. 23 கிலோ, 10 கிலோவாகச் சுருங்குகிறது. 65 கிலோவுக்கு ஏழு பேர் வேண்டும்! 2022-இல் ரோபோச் சட்டத்தின் சுற்றளவு அதிகபட்சம் 120 அங்குலம், மூன்று மீட்டர். ஏழு பேர் தோளோடு தோள் உரசி நிற்க வேண்டும். அதிலும் ஒரு பக்கத்தைக் களத்தின் இரும்புச் சட்டங்கள் அடைத்திருக்கும். இந்தக் கணக்கும் வளர்ந்த தொழிலாளிக்காகப் போட்டது. பள்ளி மாணவர்களுக்கு அதை உச்ச எல்லையாகக்கூட எடுத்துக்கொள்ளக் கூடாது என்பேன்.

## ஒரு சாண் விழுந்தால்

இதைவிட மோசமானது இன்னொன்று. எடை கொக்கியிலிருந்து கைக்கு மாறும் அந்தக் கணம்.

எடை மெல்ல மெல்லக் கைக்கு மாறினால் கைகள் தாங்க வேண்டியது 65 கிலோ. கைகள் தயாராகாமல் கொக்கி விடுபட்டு, ரோபோ பத்து சென்டிமீட்டர் விழுந்து, கைகள் இன்னொரு பத்து சென்டிமீட்டர் வளைந்து அதை நிறுத்துகின்றன என்று கொள்வோம். நிறுத்தும்போது கைகள் செலுத்த வேண்டிய சராசரி விசை எடையைப்போல் இருமடங்கு: 130 கிலோவைத் தாங்குவதற்குச் சமம். ஒரு சாண் அளவு, 20 சென்டிமீட்டர், விழுந்து ஐந்தே சென்டிமீட்டரில் நின்றால் ஐந்து மடங்கு: 325 கிலோ. ரோபோவின் எடை மாறவில்லை. விழுந்த தூரம் கூடியது, நிறுத்தக் கிடைத்த தூரம் குறைந்தது, அவ்வளவுதான்.

இரண்டு கொக்கிகள் ஒரே நேரத்தில் விடுபடுவதும் அரிது. இடது கொக்கி முதலில் விலகினால் முழு எடையும் வலது கொக்கிக்குப் போகும். ரோபோ அதையே அச்சாக்கி ஊசல்போல் சுழலும். இடப்பக்கம் நிற்பவர்களுக்குத் திடீரென்று பெருஞ்சுமை. வலப்பக்கம் நிற்பவர்களின் கையில் சுமையே இல்லை, ஆனால் ரோபோவின் அடிமூலை அவர்களை நோக்கி வருகிறது. "நான் பிடிச்சிருக்கேன்" என்று நான்கு பேரும் உண்மையாகவே சொல்வார்கள். ஒருவர் கையில் மட்டும் நாற்பது கிலோ இருக்கும்.

இங்கே நம் தசைகளைப் பற்றி ஒரு செய்தி. 1952-இல் அபாட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர் அதை எதிர்த்து நிறுத்தப் பார்ப்பார். இருவர் காலிலும் விசை ஒன்றே. ஆனால் மிதிப்பவருக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. எதிர்ப்பவருக்கு அதைவிட மிகக் குறைவு. இழுபட்டு நீளும் தசை, சுருங்கும் தசையைவிட மலிவாக விசை தருகிறது. இறக்கும்போது மூச்சு வாங்காதது இதனால்தான். ஆனால் நீண்டுகொண்டே தாங்கும் தசைநார்கள் அதிகம் கிழிபடும். மறுநாள் வலி அதிகம். மூச்சு வாங்கவில்லை என்பதால் வேலை சுலபம் என்று உடல் நம்பிவிடுகிறது.

## ஒரு ஸ்பேனரும் ஐந்து கிலோவும்

ஆகவே எடையை மனிதர்கள் சுமக்கவே வேண்டியதில்லாமல் செய்வதுதான் நல்ல வடிவமைப்பு. ரோபோவே தன்னை இறக்கிக்கொள்ள வேண்டும். மனிதர்கள் அனுமதி மட்டும் தர வேண்டும்.

ஏறும் கயிறு இரண்டு சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளையில் சுற்றியிருக்கிறது என்று கொள்வோம். உருளையின் அச்சை அறுகோண வடிவில் வெளியே நீட்டி விட்டிருக்கிறார்கள். 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரை அதில் மாட்டினால், 65 கிலோவைத் தாங்க ஸ்பேனர் முனையில் 5.2 கிலோ விசை போதும். ஒரே கை! ஆனால் அந்தக் கை வழுக்கினால் ரோபோ விழும் அரை வினாடியில் உருளை ஒன்பது சுற்றுக்கு மேல் சுழலும். கூடவே ஸ்பேனரும். முகம் பக்கத்திலேயே இருக்கிறது.

உருளைக்கு முன்னால் பத்துக்கு ஒன்று கியர் வைத்து, அந்தக் கியரின் அச்சை வெளியே விட்டால்? அரை கிலோ விசை போதும். ஆனால் தொண்ணூற்றைந்து சுற்று சுற்ற வேண்டும். வினாடிக்கு ஒரு சுற்று என்றால் ஒன்றரை நிமிடம். வெளியே அடுத்த ஆட்டத்துக்கு அணிகள் காத்திருக்கும்போது அது நீண்ட நேரம்தான். நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றும் பேட்டரி டிரில்லை மாட்டினால் பதினைந்து வினாடிக்குள் முடிந்துவிடும். விசையைக் குறைத்தால் சுற்று கூடும். இதிலிருந்து தப்ப எந்தக் கியராலும் முடியாது.

கயிற்றின் உராய்வுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கயிற்றை நிலையான ஓர் உருளையின்மேல் ஒரு சுற்றுச் சுற்றினால், சாதாரண உராய்வில், தாங்க வேண்டிய விசை ஆறரை மடங்கு குறையும். இரண்டாவது சுற்று அந்தக் குறைந்ததை மறுபடி ஆறரை மடங்கு குறைக்கும். 65 கிலோ முதல் சுற்றில் 10 கிலோவாகும். இரண்டாவதில் ஒன்றரை கிலோவாகும். துறைமுகத்தில் ஒரு தொழிலாளி கட்டுத்தறியில் கயிற்றைச் சுற்றியே கப்பலை நிறுத்துவது இந்தப் பெருக்கத்தால்தான். பயிற்சிக் கூடத்தில் ரோபோவைத் தொங்கவிட்டுப் பழகும் அணிகள், மேலே உத்தரத்தில் ஒரு பாதுகாப்புக் கயிறும் அதில் இரண்டு சுற்றும் வைத்தால், ஒரு மாணவி தனியாகவே முழு ரோபோவையும் நிதானமாகத் தரைக்கு விடலாம். உராய்வில் சுடும் என்பதால் கையுறை கட்டாயம். கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

## சங்கிலியில் இருவர்

2024-இல் வந்த 'கிரெசெண்டோ' விளையாட்டு ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. அதில் குழாய்க்குப் பதில் சங்கிலி. இரு முனைகளும் நான்கடி உயரத்தில். நடுவே தொய்ந்து முக்கால் மீட்டருக்கும் கீழே வரும். ஒரே சங்கிலியில் இரண்டு ரோபோக்கள் தொங்கினால் கூடுதல் புள்ளி என்பதால் அணிகள் அதற்கே முயன்றன.

உயரம் குறைவு, விழுந்தாலும் சேதம் குறைவு. ஆனால் இரண்டு எடைகளும் சேர்ந்துதான் சங்கிலியின் வளைவைத் தீர்மானிக்கின்றன. ஒரு ரோபோவைத் தூக்கி எடுத்த கணமே வளைவு மாறுகிறது; மற்ற ரோபோ நின்ற இடத்தின் சரிவு மாறுகிறது; அது சங்கிலியில் நடுவை நோக்கி வழுக்கி வரலாம். வழுக்கும் ரோபோ வேறு பள்ளியினுடையது. அதைப் பிடிக்க ஆள் யாரும் நிற்கவில்லை, ஏனென்றால் அந்த அணி தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு அணிகளும் பேசி, இரண்டு ரோபோக்களையும் தாங்கிக்கொண்டு, ஒன்றை மெல்ல விடுவிப்பது ஒன்றே வழி. 2018-இல் சில ரோபோக்கள் தங்கள் கூட்டாளி ரோபோக்களையும் தூக்கிக்கொண்டு ஏறின. அங்கே கீழிருப்பதை முதலில் எடுப்பதா, தாங்குவதை முதலில் இறக்குவதா என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

## பட்டறையில் ஒரு மாலை

ரோபோ முழுமையாகும் முன்பே இறக்கத்தைச் சோதிக்க முடியும். ஏறும் கைகளை மட்டும் ஒரு சட்டத்தில் பொருத்தி, 65 கிலோவுக்கு மணல் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கீழே தடித்த மெத்தை. பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும்: வழுக்குகிறதா, எவ்வளவு வேகத்தில்? மூட்டைகளை ஒரு பக்கமாக நகர்த்தி ஒரு கொக்கிமேல் மட்டும் சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். கைப்பிடிகளைப் பளிச்சென்ற நிறத்தில் அடித்து, பட்டையையோ சங்கிலியையோ யாரும் பிடிக்காதபடி செய்ய வேண்டும். நீளும் கைகளை ஸ்பிரிங் மேலே இழுத்துக்கொண்டிருந்தால், கொக்கி விடுபட்டதும் அவை யார் முகத்துக்கு நேராகப் பாயும் என்று பார்த்து அங்கே ஒரு கயிற்றுத் தடை போட வேண்டும். குரல் கொடுப்பவர் ஒருவர்தான். அவர் தூக்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். "விடு" என்பதும் "பிடி" என்பதும் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்காத சொற்களா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. ரோபோவைக் கட்டியவர்களில் யாரும் இல்லாமல், அணியில் புதிதாகச் சேர்ந்த நால்வரிடம் இறக்கும் முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மணல் மூட்டைகளை இறக்கச் சொல்லலாம். அவர்கள் எந்த வரியில் தயங்கி நிற்கிறார்களோ, அந்த வரிக்குரிய பாகத்தைத்தான் மறுநாள் பிரித்துத் திருத்த வேண்டும்.